'வாஸ்' இருக்கும்போது 'வேர்' எதுக்கு?

சில வருஷத்துக்கு முன்னாடி, என்கூட வேலை பார்த்த ஒரு தம்பி வேற கம்பெனிக்கு விண்ணப்பிக்க என்கிட்ட பரிந்துரைக் கடிதம் கேட்டார். நல்ல பையன். எஞ்சினியரிங் முடிச்சு முறையா பயிற்சியும் எடுத்தவர். மனசுக்குள்ள தமிழ்ல ஓடின வாக்கியம் இது: 'தேர்ந்த எஞ்சினியர் மாதிரி சர்க்யூட்டை விளக்குவார்.' அதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாத்தி, 'ஹி எக்ஸ்ப்ளெயின்ஸ் சர்க்யூட்ஸ் ஆஸ் இஃப் ஹி வேர் எ டிரெய்ண்ட் எஞ்சினியர்'னு எழுதி அனுப்பிட்டேன். இலக்கணமா எழுதிட்டோம்னு ஒரு பெருமை வேற.

பத்து நிமிஷத்துல போன் வந்துச்சு. "அண்ணே, நான் எஞ்சினியரே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே!"

அவர் சொன்னது சரி. அந்த ஒரு 'வேர்', அவரோட படிப்பையே இல்லாம ஆக்கிடுச்சு. நல்லவேளை, கடிதம் இன்னும் அவர் கையிலதான் இருந்தது. அதுக்கப்புறம் இந்தச் சின்னச் சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அதோட குறிப்புதான் இது.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். 'இஃப் ஐ வேர் யூ'வில் வர்ற 'வேர்' பன்மையும் இல்லை, இறந்தகாலமும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு ரெண்டு வகை வடிவம் இருந்தது. நடந்ததைச் சொல்ல ஒண்ணு. நினைப்பு, ஆசை, கற்பனை இதையெல்லாம் சொல்ல இன்னொண்ணு. இந்த ரெண்டாவதுக்குத்தான் சப்ஜங்டிவ்னு பேர். காலப்போக்கில் மற்ற வினைகளில் இந்த வித்தியாசம் தேய்ஞ்சு போச்சு. 'இஃப் ஐ நியூ', 'இஃப் ஐ ஹேட்' எல்லாம் பார்வைக்கு வெறும் இறந்தகாலம்தான். 'பி' என்ற ஒரே வினையில் மட்டும் பழைய தடம் மிச்சம் இருக்கு. அதுவும் 'ஐ, ஹி, ஷி, இட்' வரும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். மற்ற இடத்தில் எப்படியும் 'வேர்'தானே வரும்.

ஆங்கிலத்தின் கணக்கு ரொம்ப எளிமை. உண்மையிலிருந்து விலகணும்னா, காலத்தில் ஒரு படி பின்னால போகணும். இப்போ இல்லாததைச் சொல்ல இறந்தகால வடிவம். அப்போ நடக்காததைச் சொல்ல 'ஹேட்' சேர்த்து இன்னும் ஒரு படி. 'இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் பை இட்'னா பணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை இட்'னா பை காலி. 'இஃப் ஐ ஹேட் ஹேட் மணி, ஐ வுட் ஹேவ் பாட் இட்'னா அன்னைக்கும் காலி, வாய்ப்பும் போச்சு.

இது நமக்கு அந்நியமான யோசனை இல்லை. 'நாளைக்கு மழை பெய்தால்' என்கிறோம். நாளைக்குப் பெய்யப்போற மழைக்கு 'பெய்த' எங்கிருந்து வந்தது? 'போனால்', 'வந்தால்' எல்லாமே இறந்தகால அடியில் 'ஆல்' சேர்ந்ததுதான். ஆனா வித்தியாசம் ஒண்ணு இருக்கு. 'பணம் இருந்தா வாங்குவேன்'னு நாம சொன்னா, பணம் இருக்கா இல்லையான்னு கேட்கிறவர்தான் சூழலை வெச்சுப் புரிஞ்சுக்கணும். ஆங்கிலம் அதை வினையிலேயே சொல்லச் சொல்லுது.

உவமையிலும் இதே கதைதான். 'டாக்டர் மாதிரி பேசறார்'னா அவர் டாக்டரா இல்லையா? தமிழ் வாய் திறக்காது. 'போல', 'மாதிரி' ரெண்டும் நடுநிலைச் சொற்கள். தொல்காப்பியம் உவமத்தை வினை, பயன், மெய், உரு என்று நாலாகப் பிரிக்குது. எதில் ஒப்புமை என்பதுதான் அங்கே கேள்வி. பின்னால வந்த அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமைன்னு ஒண்ணு உண்டு. உலகத்திலேயே இல்லாத பொருளை உவமையாக்கறது. ஆங்கில 'வேர்' அதுவும் இல்லை. உலகத்தில் டாக்டர் உண்டு. இவர் அந்த டாக்டர் இல்லை, அவ்வளவுதான்.

இப்போ ரெண்டு வாக்கியத்தைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 'ஹி டாக்ஸ் ஆஸ் இஃப் ஹி இஸ் எ டாக்டர்'னா, டாக்டரா இருக்கலாம்னு கதவு திறந்திருக்கு. 'ஹி டாக்ஸ் ஆஸ் இஃப் ஹி வேர் எ டாக்டர்'னா, பெரும்பாலும் 'ஆனா இவர் டாக்டர் இல்லை'ன்னு அர்த்தம். வானம் இருட்டிக்கிட்டு வரும்போது 'இட் லுக்ஸ் ஆஸ் இஃப் இட் இஸ் கோயிங் டு ரெயின்'தான் பொருத்தம். நிஜமாவே மழை வரப்போகுதே!

இன்னொரு இடத்தில் நம்ம ஆட்கள் வழுக்குவாங்க. முதல் வினை இறந்தகாலம்னா பின்னாடியும் மாத்தணும்னு நினைச்சு 'ஹேட் பீன்' போட்டுடுவாங்க. வேண்டாம். 'ஹி டாக்ட் ஆஸ் இஃப் ஹி வேர் எ டாக்டர்'னா பேசின அந்த நேரத்துப் பாவனை. 'ஹேட் பீன்' போட்டா அதுக்கும் முன்னாடி டாக்டரா இருந்த மாதிரி ஆயிடும்.

சரி, 'இஃப்' வந்தாலே 'வேர்' போடலாமா? அங்கேதான் அடுத்த பள்ளம். 'இஃப் ஐ வாஸ் ராங் யெஸ்டர்டே, ஐ அபாலஜைஸ்.' நேத்து நான் தப்பா நடந்திருக்கலாம், அதனால மன்னிப்பு. இங்கே 'வாஸ்' உண்மையான இறந்தகாலம். இதை 'வேர்'னு திருத்தினா, 'நான் ஒண்ணும் தப்பு பண்ணலை'ங்கிற தொனி வந்து மன்னிப்பே கெட்டுப்போகும். 'ஐ ஆஸ்க்ட் இஃப் ஹி வாஸ் அட் ஹோம்' என்பதிலும் 'இஃப்' வெறும் 'வீட்டில் இருக்காரா' என்ற கேள்விதான். அங்கே கற்பனைக்கு வேலை இல்லை.

அப்போ 'இஃப் ஐ வாஸ் ரிச்' தப்பா? பேச்சில் அது சகஜம், ரொம்ப காலமா இருக்கு. ஆங்கில வழக்குகளைத் தொகுத்த ஃபௌலர் 1926லேயே சப்ஜங்டிவ் செத்துக்கிட்டு இருக்குன்னு தீர்மானிச்சுட்டார். ஆனா கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகியும் 'இஃப் ஐ வேர் யூ' நல்லாத்தான் இருக்கு. 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கண நூல், இந்த ஒத்தை 'வேரு'க்கு சப்ஜங்டிவ்னு பெயர் வைக்காம 'இர்ரியாலிஸ்'னு, அதாவது நிஜமல்லாததுன்னு, தனிப்பேர் கொடுத்துடுச்சு. நடைமுறைக்கு நான் வெச்சிருக்கிற விதி இது: பேச்சில் ரெண்டும் ஓடும், கடிதம், கட்டுரை, தேர்வுன்னா 'வேர்'. 'இஃப்' இல்லாம 'வேர் ஐ இன் யுவர் ப்ளேஸ்'னு தொடங்கினா 'வாஸ்' எப்பவும் ஒட்டாது.

எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிட்டா போதும். 'நான் சொல்றது உண்மையா இருக்க வாய்ப்பு இருக்கா?' இருந்தா 'இஸ்', இல்லை நேத்தைய கதைன்னா 'வாஸ்'. இல்லவே இல்லைன்னா 'வேர்'.

தம்பியோட கடிதத்தை அன்னைக்கே மாத்தினேன். 'ஹி எக்ஸ்ப்ளெயின்ஸ் சர்க்யூட்ஸ் லைக் த டிரெய்ண்ட் எஞ்சினியர் ஹி இஸ்.' தேர்ந்த எஞ்சினியர் மாதிரி விளக்குவார், ஏன்னா அவர் எஞ்சினியர்தான். கடைசியில் வர்ற அந்த 'ஹி இஸ்', நான் பறிச்ச பட்டத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்துடுச்சு.