சத்தமுள்ள வீட்டில் சொல்லப்படாதவை

அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களின் குடும்ப வாழ்வை நம்மில் பலர் முதன்முதலில் பார்த்தது 'காட்ஃபாதர்' (1972) திரைப்படத்தில்தான். கல்யாண வீட்டின் ஆட்டமும் பாட்டுமாகத் தொடங்கும் அந்தப் படம், ஒரு கதவு சாத்தப்படுவதில் முடிகிறது. தங்கையின் கணவரைக் கொன்றது நீங்கள்தானா என்று மனைவி கேட்கிறாள். இல்லை என்று பொய் சொல்கிறான் மைக்கேல். சற்று நேரத்தில் அவள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே கதவு மூடப்படுகிறது. கொலையும் பழிவாங்கலும் சினிமாவுக்கு உரியவை. ஆனால், வீடு நிறையப் பேச்சு இருக்க, முக்கியமான ஒன்று மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றுவிடுவது, துப்பாக்கியைத் தொட்டே அறியாத எத்தனையோ இத்தாலிய-அமெரிக்கக் குடும்பங்களுக்கும் தெரிந்த அனுபவம்.

1880-க்கும் 1924-க்கும் இடையே சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கு வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கலாப்ரியா, கம்பானியா, சிசிலி போன்ற தென்பகுதிகளைச் சேர்ந்த ஏழை விவசாயிகளும் கூலிகளும் ஆவர். நிலவுடைமையாளர், வரி வசூலிப்பவர், படைக்கு ஆள் பிடிப்பவர் என்று அதிகாரத்தின் எல்லா முகங்களையும் ஐயத்தோடு பார்க்கப் பழகியவர்கள் அவர்கள். நம்பத்தகுந்தது குடும்பம் ஒன்றே. வீட்டுச் செய்தி வாசலைத் தாண்டக் கூடாது என்பதே அவர்கள் கப்பலில் கொண்டுவந்த எழுதாச் சட்டம். அதற்குத் துணையாக 'பெல்லா ஃபிகுரா' என்ற வழக்கும் இருந்தது. நான்கு பேர் முன்னிலையில் குடும்பத்தின் மதிப்புக் குலையாமல் நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் பொருள்.

நியூயார்க்கின் நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்புகளில், அடுப்பு எரியும் சமையலறையே பெரும்பாலும் குடும்பத்தின் கூடமாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தக்காளிக் குழம்பு கொதிக்கத் தொடங்கிவிடும். மதிய உணவு மாலைவரை நீளும். உப்பு, அரசியல், பேஸ்பால், மருமகனின் சம்பளம் என எல்லாவற்றுக்கும் விவாதம் நடக்கும். ஒருவர் பேசி முடிக்கும் முன் மற்றவர் தொடங்குவதை, இடைமறிப்பாக அன்றி ஈடுபாட்டின் அடையாளமாகக் கருதும் சமூகங்கள் உண்டு என்று மொழியியலாளர் டெபொரா டானென் விளக்கியிருக்கிறார். அவர் நியூயார்க் யூதர்களின் பேச்சை முதன்மையாக ஆராய்ந்தே இதைச் சொன்னார் எனினும், இத்தாலிய வீட்டின் உணவு மேசைக்கும் இது பொருந்தும். அங்கே உரத்த குரல் கோபம் ஆகாது. பேசாமல் இருப்பதுதான் கோபம்.

இத்தனை பேசும் வீட்டில் எதை மறைக்க முடியும் என்று வெளியாள் நினைப்பது இயல்பு. குடும்ப ஆற்றுப்படுத்துநர்களின் அனுபவம் வேறு. மோனிகா மெக்கோல்ட்ரிக் முதலியோர் 1982-இல் தொகுத்த நூல், இத்தாலியக் குடும்பங்கள் எதைப் பற்றியும் தாராளமாகப் பேசுவதுபோல் தோன்றினாலும், உண்மையான குடும்ப ரகசியத்தைப் பகிர்வது அவர்களுக்கு முற்றிலும் வேறொரு செயல் என எச்சரிக்கிறது. ரகசியத்தில் இருக்கும் செய்தியைவிட, இவர் நம்மவர், அவர் அயலார் என்று அது கிழிக்கும் கோடே முக்கியம்.

அந்த ரகசியங்கள் எத்தகையவை? முதல் வகை, குடும்பம் தனக்குத்தானே செய்துகொண்டது. ஆண்கள் முதலில் தனியாகக் கப்பலேறினர். மனைவியரும் குழந்தைகளும் ஊரில் காத்திருந்தனர். கணவன் உயிரோடிருந்தும் தனித்து வாழ்ந்த அப்பெண்களை 'வெள்ளை விதவைகள்' என்று இத்தாலியில் அழைத்தார்கள். பணம் அனுப்பியவர்கள் உண்டு. திரும்பி வந்தவர்களும் ஏராளம். சிலரோ புதிய நாட்டில் இன்னொரு குடும்பத்தைத் தொடங்கிவிட்டார்கள். தாத்தாவுக்குக் கடலுக்கு அப்பால் வேறு பிள்ளைகள் இருந்தார்கள் என்ற செய்தி, இன்று மரபணுப் பரிசோதனையின் வழியே கொள்ளுப்பேரர்களிடம் வந்து சேரக்கூடும்.

இரண்டாம் வகை, அரசு குடும்பத்துக்குச் செய்தது. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியபோது, குடியுரிமை பெறாத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் 'பகை நாட்டு அயலார்' ஆக்கப்பட்டனர். அவர்கள் புகைப்பட அடையாள அட்டையைச் சுமக்க வேண்டியிருந்தது. சிற்றலை வானொலி, கேமரா போன்றவற்றை ஒப்படைக்க வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவின் தடை செய்யப்பட்ட பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 10,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மகன் அமெரிக்கச் சீருடையில் போர்முனையில் இருக்க, ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாததால் குடிமகளாகாத தாய் பகைவராகக் கருதப்பட்ட வீடுகளும் இருந்தன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவின் புகழ்பெற்ற பாடகர் எட்சியோ பின்சா ஏறத்தாழ மூன்று மாதம் எல்லிஸ் தீவில் அடைத்து வைக்கப்பட்டார். பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ 1941-இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் பந்தடித்து நாட்டின் நாயகனானார். மீனவரான அவருடைய தந்தைக்கோ அடுத்த ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவின் மீன்பிடித் துறைக்குச் செல்லவே தடை.

1942 அக்டோபரில் இந்த முத்திரை நீக்கப்பட்டது. ஆனால், நடந்ததை வீடுகள் பேசவில்லை. குற்றம் ஏதும் செய்யாதவர்கள், குற்றவாளியைப் போல் நடத்தப்பட்ட அவமானத்தைக் குற்றத்தைப் போலவே ஒளித்து வைத்தனர். பகைவரின் மொழியைப் பேசாதீர் என்ற போர்க்காலச் சுவரொட்டிகளின் அழுத்தத்தில், பல வீடுகள் பிள்ளைகளிடம் இத்தாலியில் பேசுவதையே விட்டன. தன் பாட்டியோடு பேச மொழியில்லாமல் போனது ஏன் என்றுகூட அறியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. மறைத்தவர்களின் நோக்கம் பிள்ளைகளைக் காப்பதே. அதற்கு விலை கொடுத்தவர்களும் அந்தப் பிள்ளைகளே.

1994-இல் சான்பிரான்சிஸ்கோவில் இந்த வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி ஒன்று திறக்கப்பட்டது. அதன் பெயர் 'ஊனா ஸ்தோரியா செக்ரேத்தா'. ஒரு ரகசிய வரலாறு என்றும், ஒரு ரகசியக் கதை என்றும் அதைப் பொருள் கொள்ளலாம். அது பின்னர் பல ஊர்களுக்குச் சென்றது. 2000-ஆம் ஆண்டில் இத்தாலிய-அமெரிக்கர்களின் உரிமைகள் மீறப்பட்டதை ஒப்புக்கொள்ளும் சட்டம் நிறைவேறியது. அதற்குள் 58 ஆண்டுகள் கடந்திருந்தன. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட தாய்மார்களில் பெரும்பாலோர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

ஆகவே, ரகசியம் எப்போதாவது வெளிவரும் என்பது ஆறுதல் ஆகாது. கேட்க வேண்டியவர் இருக்கும்போதே அது வர வேண்டும். அது எப்படி இயலும் என்பதற்கு, 1987-இல் வெளிவந்த 'மூன்ஸ்ட்ரக்' என்ற நகைச்சுவைத் திரைப்படத்தின் கடைசிக் காட்சி நல்ல விளக்கம். நார்மன் ஜூயிசன் இயக்கிய இப்படத்தின் கதையை எழுதிய ஜான் பேட்ரிக் ஷான்லி, ஐரிஷ் வழிவந்தவர். இத்தாலியர்களும் ஐரிஷ்காரர்களும் கலந்து வாழ்ந்த பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். படத்தில் புரூக்ளினில் ஒரு வீடு. மகள் லொரெட்டா, தனக்கு நிச்சயிக்கப்பட்டவரின் தம்பியைக் காதலிக்கிறாள். அந்தச் சகோதரர்களோ ஐந்தாண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். தந்தை காஸ்மோவுக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு. ஆபரா அரங்கில் தந்தையும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, பார்க்கவே இல்லை என்று உடன்படுகிறார்கள். கூச்சலுக்குக் குறைவில்லாத குடும்பம் ரகசியத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் விதம் இதுதான்.

மறுநாள் காலை, எல்லாரும் சமையலறை மேசைக்கு வந்து சேர்கிறார்கள். தாய் ரோஸ், எல்லார் முன்னிலையிலும், கணவன் அந்தப் பெண்ணைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்கிறாள். குரல் உயரவில்லை, வசை இல்லை, பழங்கணக்கு இல்லை. காஸ்மோ எழுந்து மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உட்கார்ந்து சம்மதிக்கிறார். பிறகு மகளின் விவகாரமும் அதே மேசையிலேயே தீர்கிறது. முடிவில் குடும்பத்தின் பெயரால் கோப்பைகள் உயர்கின்றன. ரோஸாக நடித்த ஒலிம்பியா டுகாகிஸ், லொரெட்டாவாக நடித்த ஷெர், எழுதிய ஷான்லி மூவரும் ஆஸ்கர் விருது பெற்றனர்.

அந்த மேசையில் எல்லா உண்மைகளும் கொட்டப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சில அப்படியே விடப்பட்டன. தெரிந்தும் தெரியாததுபோல் ஒருவர் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்த அந்த ஒரு செய்தி மட்டும் பேசப்பட்டது. கேட்டவர் எழுந்து போய்விடவில்லை; சொன்னவரும் ஒதுக்கப்படவில்லை. சமரசம் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே. ரோஸ் பேசாமலிருந்தாலும் அன்று கோப்பைகள் உயர்ந்திருக்கும். அந்த அமைதியின் செலவை அவள் ஒருத்தியே சுமந்திருப்பாள். குடும்ப மானம் என்ற பெயரில் காக்கப்படும் ரகசியங்களின் கணக்கைப் பெரும்பாலும் பெண்களே செலுத்துகிறார்கள் என்பதை, இத்தாலியில் காத்திருந்த வெள்ளை விதவைகளும் சொல்வார்கள்.

குடும்ப ஒற்றுமை வேண்டும் என்போர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, நம் வீட்டில் எவ்வளவு பேசுகிறோம் என்பதன்று. நம் வீட்டில் ஒருவர் தாழ்ந்த குரலில் ஒன்றைச் சொல்ல முற்பட்டால், மற்றவர்கள் பேச்சை நிறுத்துவோமா என்பதே.