சென்னையோடு பேச எந்தக் கம்பி?

ஹைதராபாத்தின் திருமுல்கேரிப் பக்கம் கடப்பாரை போட்டால் கொஞ்ச ஆழத்திலேயே கருங்கல் தட்டும். பக்கத்து மௌலா அலியில் அதே கல் குன்றாகவே எழுந்து நிற்கிறது. வீட்டு ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கும் ஹாம் (அமெச்சூர்) வானொலிக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தரையைத்தான்.

40 மீட்டர் அலைவரிசையில் பலரும் ஆசைப்படுவது வெர்ட்டிக்கல். 10 மீட்டர் உயரத்தில் செங்குத்தாக ஒரு கம்பி, அவ்வளவுதான். இடம் அடைக்காது, அலையைத் தாழ்வான கோணத்தில் அனுப்புவதால் கடல் கடந்த நிலையங்களுக்கு நல்லது. ஆனால் அதன் பாதி வேலை தரையில் நடக்கிறது. பாறைத்தரை மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அனுப்பும் சக்தியில் நல்ல பங்கு சூடாகி வீணாகும். அதைக் குறைக்க, அடியில் சுற்றிலும் பத்துப் பதினாறு ரேடியல் கம்பிகளாவது விரிக்க வேண்டும். அக்கம்பக்கத்து எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் இரைச்சலையும் வெர்ட்டிக்கல் அதிகமாக வாங்கும்.

இன்வர்ட்டட் வீ அப்படியல்ல. 20 மீட்டர் வயரை நடுவில் வெட்டி, அங்கே கோ-ஆக்ஸ் கேபிளை இணைத்து, மொட்டை மாடி ஜி.ஐ. குழாயின் உச்சியில் ஏற்றுவார்கள். இரு கைகளும் சரிவாக இறங்கி நைலான் கயிற்றில் முடியும். கைகளுக்கு இடையே 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. உச்சி தரையிலிருந்து 10 மீட்டர் இருந்தால் அலை பெரும்பாலும் மேல்நோக்கியே போகும். அதுதான் நமக்கு வேண்டியதும்! சென்னை நேர்க்கோட்டில் சுமார் 500 கி.மீ.; 300 கி.மீ. உயரத்தில் அயனி மண்டலத்தில் பட்டு அங்கே இறங்க, அலை 50 டிகிரி அளவில் ஏற வேண்டும். அந்தக் கோணத்தில் வெர்ட்டிக்கல் இதற்கு ஈடாகாது. என் ஓட்டு இன்வர்ட்டட் வீக்குத்தான்.

80 மீட்டர் அலைவரிசைக்கு வயர் இரு மடங்கு வேண்டும். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அந்த அலையை விழுங்கிவிடுவதால் பொழுது சாய்ந்த பிறகே தூரத்துக் குரல்கள் வரும். அப்போது இரைச்சல் தொல்லை தந்தால், கேட்பதற்கு மட்டும் ஒரு மீட்டர் அளவில் சிறு வளைய ஆன்டெனா வைத்துக்கொள்ளலாம். அதை மெல்லத் திருப்பினால் ஒரு நிலையில் பக்கத்து வீட்டு இரைச்சல் சட்டென்று அடங்கும்.

ஹாம் வானொலிக்காரர்களுக்கென ஹைதராபாத்திலேயே 1983 முதல் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் இயங்குகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த அதன் குழு, பாரதி பிரசாத் தலைமையில், அந்தமான் செய்திகளை வானொலியில் கரை சேர்த்தது.

வயர் மின்கம்பிக்கு அருகில் போகவே கூடாது. இடி முழங்கும் முன்பே கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.