வறுமைக் கோடும் விலக்கப்பட்டோரும்

வறுமை யாது என்னும் வினா எளியது போலத் தோன்றும். ஆயின், அதனை அளக்கப் புகுவோர்க்கு முதலடியிலேயே இடர் நேர்கின்றது. உடலைத் தாங்குதற்கு வேண்டிய உணவு முதலியவற்றின் விலையைக் கணக்கிட்டு, அதனிற் குறைந்த வருவாயினரை வறியர் எனக் கொள்ளும் முறையை, 1899இல் யோர்க் நகரை ஆராய்ந்த றவுண்ட்றி என்பார் கையாண்டார். எமது நாட்டு உத்தியோகபூர்வ வறுமைக் கோடும் அவ்வழி வந்ததே. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2004இல் அதனை வெளியிட்டபோது, நாளொன்றுக்கு 2,030 கலோரி உணவையும் பிற இன்றியமையாத் தேவைகளையும் கருதி, 2002ஆம் ஆண்டு விலைவாசிப்படி ஆளொருவர்க்கு மாதம் 1,423 ரூபா என வரையறுத்தது. பின்னர்த் திருத்தியமைக்கப்பட்ட கோடு 2019இல் 6,966 ரூபாவாயிற்று. அதன்படி அவ்வாண்டில் நாட்டில் நூற்றுக்கு 14.3 பேர் வறியர். கொழும்பு மாவட்டத்திலோ 2.3 பேரே. 25 மாவட்டங்களுள் மிகக் குறைந்த வீதம் இதுவாகும்.

இவ்வெண் பொய்யென்று யாம் கூறவில்லை. அது எதனை அளக்கின்றது என்பதே வினா. எமது கோடு வருவாயையன்றி நுகர்வுச் செலவையே நோக்குவது. வீட்டு வாடகையும் செலவே. வெள்ளவத்தையில் ஓர் அறைக்கு மிகுந்த வாடகை கொடுத்து, எஞ்சியதில் அரைவயிறு உண்ணும் குடும்பம் கணக்கேட்டில் வசதியுடையதாகவே தோன்றும்! கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிற் (கொழும்பிலே தோட்டம் என்பது மரஞ்செடிகளைக் குறியாது, நெருங்கிய குடியிருப்பையே குறிக்கும்) பல குடும்பங்கள் ஒரு மலசலகூடத்தைப் பகிர்ந்து வாழும் நிலையும் அவ்வாறே மறைந்துபோம்.

அன்றியும், வறுமை வேறு. சமூக விலக்கு வேறு. பின்னைய கருத்தை 1974இல் பிரான்சில் றெனே லெனுவார் எழுதிய நூல் பரப்பிற்று. பிறர் இயல்பாகப் பெறும் உரிமைகளுக்கும் நிறுவனங்களுக்கும் புறத்தே ஒருவர் நிறுத்தப்படுதலை அது குறிக்கும். அதற்குச் சான்று எம் நகரிலேயே உண்டு. 2007 யூன் 7ஆந் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 370க்கு மேற்பட்டோர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு, வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. வெளியேற்றப்பட்டோர் விடுதிக்குக் கட்டணம் செலுத்தித் தங்கியிருந்தோர். அவர்தம் செலவை எத்துணை நுணுக்கமாகக் கணக்கிட்டிருப்பினும், அன்று அவர்க்கு நேர்ந்ததை அக்கணக்குக் காட்டியிராது.

இத்துணை வெளிப்படையாக நிகழாத விலக்கும் உண்டு. அரசாங்கப் பாடசாலையில் முதலாந் தரத்துக்கு அண்மை வதிவிட அடிப்படையிற் பிள்ளையைச் சேர்ப்பதற்கு, வாக்காளர் இடாப்புப் பதிவும் வீட்டுரிமை அல்லது வாடகை ஆவணமும் கேட்கப்படும். எழுத்தில்லா ஒப்பந்தத்தில் அறைமாறி அறைமாறிக் குடியிருப்போர்க்கு, பாடசாலை மதிலின் அருகில் வாழ்ந்தும் அது தொலைவிலுள்ளதே.

2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டம் 22 குறிகாட்டிகளைக் கொண்டு பயனாளிகளைத் தெரிந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்பன அதில் அடங்கும். செலவை மட்டும் நோக்குவதினும் இது மேலானது. எனினும், விலக்கப்படுதல் அங்கே தனித்ததொரு துறையாக இல்லை. ஆராய்ச்சி மாணவர் கொழும்பில் வினாக்கொத்து அமைப்பின், “மாதச் செலவு எவ்வளவு?” என்பதன் அருகே வேறு மூன்று வினாக்களையும் சேர்த்தல் வேண்டும்: உம் பெயர் எந்த முகவரியிற் பதிவாகியுள்ளது? அதற்கு ஆவணம் உண்டா? அஃதில்லாமையால் எந்த வாயிலிலிருந்து திரும்பி வந்தீர்?