காலர் வைத்த சட்டைக்கு ஆறாயிரமா?

அண்ணன் மகனுக்கு அண்மையில் பதவி உயர்வு வந்தது, கூடவே ஒரு செலவும் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்களோடு கோல்ஃப் திடலுக்கு அவனும் போக வேண்டுமாம். மட்டையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். உடுப்பை யாரிடம் கேட்பது? மாலில் ஒரு கடையிலிருந்து போன் செய்தான். சட்டை 5,999 ரூபாய், பேன்ட் 6,499, தொப்பி, பெல்ட், இடது கைக்கு மட்டும் ஒரு தோல் கையுறை. "சித்தப்பா, நீங்க திருப்பூர்க்காரர்தானே, இந்த விலை நியாயமா?"

அந்தச் சட்டையைப் பிரித்துப் பார்ப்போம். முதலில் வரி. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை விற்கும் ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. ஆக 5,999 ரூபாயில் ஏறக்குறைய 915 ரூபாய் வரி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரிக்கு முன் 2,500 ரூபாய் உள்ள சட்டைக்கு நாம் தருவது 2,625. ஒரு ரூபாய் கூடி 2,501 ஆனால் தருவது 2,951. தள்ளுபடி போக பில்லில் நிற்கும் விலைதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை என்பதால், 2,500-ஐ ஒட்டிய சட்டைக்குத் தள்ளுபடி கேட்பதில் இரட்டை லாபம்.

அடுத்து துணி. கோல்ஃப் சட்டை என்பது காலரும் இரண்டு மூன்று பொத்தானும் வைத்த பின்னல் சட்டை. டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்ட் 1920-களில் பிரபலமாக்கிய அதே உருவம். உலகக் கடைகளுக்குப் போகும் இந்த ரகச் சட்டைகளைத் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நாள்தோறும் தைத்துத் தள்ளுகின்றன. நூல், பின்னல், சாயம், தையல், காஜா பட்டன், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்ந்தாலும் அது கடை விலையில் ஒரு சிறு பங்குதான். மீதியில் கடை வாடகை, விளம்பரம், நெஞ்சில் இருக்கும் ஓர் அங்குல எம்பிராய்டரியின் மதிப்பு எல்லாம் அடக்கம். அதற்குப் பணம் தருவது குற்றமில்லை. தெரிந்து தர வேண்டும், அவ்வளவே.

எதற்குத் தந்தால் பலன்? பதினெட்டுக் குழியும் நடந்து ஆடினால் நாலு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நிற்க வேண்டும், எட்டுப் பத்து கிலோமீட்டர் நடை. பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்குக் காற்றின் ஈரத்தையே பிடித்து வைத்திருக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அதனால்தான் பாலியெஸ்டரும் கொஞ்சம் எலாஸ்டேனும் கலந்த மெல்லிய துணி வியர்வையை வெளிப்பக்கம் பரப்பிச் சீக்கிரம் காய்கிறது, கையைச் சுழற்றும்போது இழுத்துக்கொடுக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் இந்த வித்தியாசம் தெரியும். கொடைக்கானலில் ஆடுகிறவருக்கு நல்ல பருத்திச் சட்டையே போதும் என்பது என் கருத்து.

'யூபிஎஃப் 50' என்று சீட்டில் இருந்தால், மேலே விழும் புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டு சதவீதம்தான் துணியைத் தாண்டும் என்று பொருள். ஆனால் துணி இழுபட்டாலும் நைந்தாலும் இது குறையும். ஒரு அளவு சின்னதாக, உடம்போடு ஒட்டும் சட்டையை வாங்கினால் அந்த ஐம்பது சீட்டில்தான் இருக்கும்.

ஊட்டிச் சாரலுக்கு வாங்கும் மழைச் சட்டையில் வேறொரு ஆபத்து. தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பூசிய பிஎஃப்ஏஎஸ் வகை ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாதவை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 ஜனவரி முதல் இவற்றை ஆடைகளில் தடை செய்திருக்கின்றன. அங்கே விற்க முடியாத பழைய சரக்கு எங்கே போகும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. 'பிஎஃப்ஏஎஸ் இல்லாதது' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கிளப் விதிகளுக்கு வருவோம். நான் பார்த்தவரை, காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத பேன்ட், புல்தரையைக் குத்தாத மென்முள் ஷூ, இவ்வளவுதான் கேட்கிறார்கள். பிராண்ட் கேட்பதில்லை. அலுவலகத்துக்குப் போடும் காலர் டீசர்ட்டே வாசல் தாண்டும். போகுமுன் கிளப்புக்கு ஒரு போன் செய்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். வேட்டி கட்டியதற்காக 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் விழாவுக்கு உயர் நீதிமன்ற நீதிபதியே உள்ளே விடப்படாமல் திரும்பியது நினைவிருக்கலாம். அதே ஆண்டு தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டி முதலான மரபு உடைக்காக கிளப் உள்ளிட்ட பொது இடங்களில் யாரையும் தடுக்கக் கூடாது. தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் பேசுவது உள்ளே நுழைவதைப் பற்றி. வேட்டியோடு பந்தடிக்க நினைப்பவர் தன் சௌகரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விலை மலைப்பைத் தரும்போது பலரும் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' தேடிப் போகிறார்கள். திருப்பூர் காதர்பேட்டையில் உண்மையான மிச்சச் சரக்கும் உண்டு, அசலின் முகத்தை மட்டும் வாங்கிக்கொண்ட சரக்கும் உண்டு. என் சோதனை எளிது. மிச்சம் என்றால் அளவு விட்டுப்போயிருக்கும், நிறம் விட்டுப்போயிருக்கும், லேபிளை வெட்டியிருப்பார்கள். ஒரே டிசைன் எஸ் முதல் டபுள் எக்ஸெல் வரை, ஏழு நிறத்தில், பளபளக்கும் லேபிளோடு அடுக்கியிருந்தால் அது மிச்சமில்லை, புதிதாக அடித்தது. போலி வணிகக்குறியோடு விற்பவருக்கு 1999 வணிகக்குறிச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. வாங்கியவர் கையில் பில் இல்லாததால், காசு திரும்புவது துர்லபம்.

அண்ணன் மகன் கடைசியில் ஒரு சட்டை மட்டும் வாங்கினான். இரண்டாவது துவையலிலேயே காலர் சுருண்டது, தோளில் சாயம் வெளுத்தது. கடைக்குப் போனால், பில்லின் அடியிலிருந்த வரியைக் காட்டினார்கள்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.' அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்துவிட்டான். நம்மில் பலரும் இப்படித்தான் வருகிறோம்.

அந்த வரி குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விடுவதும் அப்படியே. வரியெல்லாம் அடங்கிய எம்ஆர்பி மீது தள்ளுபடி என்று விளம்பரம் செய்துவிட்டு, தள்ளுபடி விலைமேல் தனியாக வரி போடுவதும் தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-ல் சொல்லிவிட்டது. ஆன்லைனில் வாங்கியிருந்தால், படத்தில் காட்டியது ஒன்று வந்தது ஒன்று என்றாலும் திருப்பி அனுப்பலாம். இணையக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

'பழைய பாட்டிலில் செய்த பசுமைச் சட்டை' போன்ற பெருமைகளுக்கும் இப்போது கடிவாளம் உண்டு. ஆதாரம் இல்லாத சுற்றுச்சூழல் விளம்பரங்களுக்கு எதிராக 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை வெளியிட்டது. பொய் விளம்பரத்துக்கு முதல் தடவை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

அண்ணன் மகனை உட்கார வைத்து மூன்று படம் எடுக்கச் சொன்னேன்: காலர், வெளுத்த தோள், உள்ளே தைத்த சலவை லேபிள். லேபிள் முக்கியம். அதில் சொன்னதற்கு மாறாக வெந்நீரில் துவைத்திருந்தால் கடைக்காரர் அதையே பிடித்துக்கொள்வார். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றினாலும் ஆபத்து, இழைமேல் படலமாகப் படிந்து வியர்வையைப் பரப்பும் வேலையையே கெடுத்துவிடும். அவன் இரண்டுமே செய்யவில்லை, நல்லவேளை. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கடை எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் போடலாம். அவனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. உதவி எண்ணில் புகார் பதிந்த இரண்டாவது வாரத்தில் நிறுவனமே கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது.

அந்தப் பில்லை அவன் பர்சில் மடித்து வைத்திருந்தான். வெளியே எடுத்தபோது மடிப்பில் இருந்த எழுத்து பாதி காணவில்லை. வெப்பத்தாளில் அடித்த அச்சு சில மாதங்களில் மங்கிவிடும், வழக்குப் போடும் அவகாசமோ இரண்டு வருடம். இப்போது எது வாங்கினாலும் கவுண்டரை விட்டு நகருமுன் பில்லைப் போட்டோ எடுத்து எனக்கும் ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். நேற்று வந்தது அறுபது ரூபாய் டீ பில்.