மனை, வீடு, நகரம்: பெண்கள் நடத்திக் காட்டிய தொழில்

பழையசீவரத்தில் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் பக்கம் வந்தால், சென்னையின் கட்டடங்கள் எங்கிருந்து புறப்படுகின்றன என்பது தெரிந்துவிடும். சுற்றுவட்டாரக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் லாரி லாரியாகப் போகின்றன. இன்னொரு பக்கம், நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு, கொடி கட்டி, 'மனைகள் விற்பனைக்கு' என்று பலகை வைக்கிறார்கள். நம் மஹல்லாவின் ஆண்கள் பலருக்கும் பிழைப்பு இதையொட்டித்தான்: லாரி ஓட்டுவது, சென்ட்ரிங், டைல்ஸ், பெயின்டிங், இடம் வாங்கி விற்கும் புரோக்கர் வேலை. இத்தனையிலும் பெண்ணுக்கென்று ஓர் இடம்தான் உண்டு. அது தலையில் கலவைச் சட்டி சுமக்கும் சித்தாள் வேலை. இருபது வருடம் சுமந்தாலும் கரண்டி கைக்கு வராது. நேற்று வேலைக்கு வந்த பையன் நாலு வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான். அவனுக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்த அக்கா சித்தாளாகவே ஓய்வு பெறுவார்.

ஆனால் அந்த வீட்டில் நாள் முழுவதும் இருக்கப்போவது பெண்கள்தான். சமையலறைக்குக் காற்று வருமா, துணி உலர்த்த இடம் எங்கே, குளியலறைக் கதவு வாசலைப் பார்த்து இருக்கலாமா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்காமலே வீடும் தெருவும் ஊரும் கட்டப்படுகின்றன. இதை மாற்றிய சில பெண்களின் அனுபவம் நம் பெண் பிள்ளைகளுக்கும் அவர்களைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் பயன்படும்.

முதலில் நம் சென்னையிலிருந்தே தொடங்கலாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940 வரை பெண் யாரும் படித்ததில்லை. அங்கே மின்பொறியியல் பேராசிரியராக இருந்த பப்பு சுப்பா ராவுக்கு லலிதா என்று ஒரு மகள். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கைம்பெண், கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் அந்த நிலையில் ஒரு பெண்ணின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். தகப்பனார் முடிய விடவில்லை. கல்லூரி முதல்வரிடம் பேசி, அரசின் அனுமதி வாங்கி, மகளைத் தன் துறையிலேயே சேர்த்தார். அந்தக் கதவு திறந்ததும் லீலாம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்று இரு கேரளப் பெண்கள் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். மூவரும் பட்டம் வாங்கியபோது அச்சடித்த சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே இருந்தது. அதைக் கையால் அடித்து, பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள். அச்சுப் படிவம் பெண்ணை எதிர்பார்க்கவில்லை!

அந்த மூவரில் திரேசியா நம் விஷயத்துக்கு நெருக்கமானவர். கொச்சி சமஸ்தானப் பொதுப்பணித் துறையில் கீழ்நிலைப் பொறியாளராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1971-ல் கேரள மாநிலத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். சாலை, பாலம், மருத்துவமனைக் கட்டடம் என்று எல்லாம் அவர் மேற்பார்வைக்கு வந்தன. ரப்பர் கலந்த தாரில் சாலை போட்டுப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். அரசு வேலையில் நுழைந்த ஒரு பெண் மாநிலத்தின் உச்சிப் பதவி வரை போக முடியும் என்பதற்கு அன்றே கிடைத்த சாட்சி அவர்.

கட்டடக் கலையில், அதாவது ஆர்க்கிடெக்ட் தொழிலில், நம் மாநிலத்தில் முதலில் நினைவுக்கு வருபவர் ஷீலா ஸ்ரீபிரகாஷ். 1973-ல் சென்னையின் கட்டடக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1979-ல், வயது இருபத்துநான்கு இருக்கும்போது, சென்னையில் 'ஷில்பா ஆர்க்கிடெக்ட்ஸ்' என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். பெண் ஒருவர் தனித்து இப்படி நிறுவனம் நடத்துவது அப்போது நாட்டிலேயே அபூர்வம். 1980-களின் இறுதியிலேயே வீட்டு மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழிகளைத் தன் வரைபடங்களில் வைத்தார். அதைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது 2003-ல்தான்.

புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் அனுபமா குண்டூ வேறு வழியில் போனார். மும்பையில் படித்துவிட்டு 1990-ல் அங்கே வந்தவர். பக்கத்துக் கிராமங்களில் வழக்கொழிந்துகொண்டிருந்த மெல்லிய அச்சுக்கல்லையும், குயவர் சுட்ட மண் குழாய்களையும் எடுத்து, 2000-ல் ஒரு வீடு கட்டினார். உள்ளூர்க் கைவேலைக்காரரின் திறமையே அதன் மூலதனம். 2012-ல் இத்தாலியின் வெனிஸ் கண்காட்சியில் அந்த வீட்டை முழு அளவில் மீண்டும் கட்டிக் காட்டினார்கள். அதற்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் போனார்கள்.

இலங்கை கண்டியில் பிறந்த மினெட் டி சில்வாவின் கதை நீளமானது, சங்கடமானதும்கூட. 1948-ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர். ஊர் திரும்பிக் கண்டியில் பெற்றோர் வீட்டிலிருந்தே தொழில் செய்தார். 1950-களில் கண்டி வட்டாபுலுவவில் அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பு ஒன்று அவரிடம் வந்தது. சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் என்று பல சமூகத்தாரும் குடியேறவிருந்த இடம். வழக்கமாக ஒரே மாதிரி வரைபடம் போட்டு வரிசையாக அடுக்கிவிடுவார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. குடிவரப்போகும் குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எத்தனை பேர், எப்படிச் சமைப்பீர்கள், என்ன செலவழிக்க முடியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பல வகை வீடுகளை வரைந்தார். இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். வீட்டு வசதித் திட்டத்தில் பயனாளியை முன்கூட்டியே கேட்பது இப்போதுகூட எங்கும் நடப்பதில்லை என்பதை அரசுக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் சொல்வார்கள். இத்தனை செய்தவருக்குக் கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. 1998-ல் இறந்தார். பிற்காலத்தில் ஆண் கட்டடக் கலைஞர்களுக்குப் பெரும் புகழ் சேர்த்த பல யோசனைகளை அவர் முன்பே செய்து பார்த்திருந்தார் என்று இப்போதுதான் எழுதுகிறார்கள். திறமை மட்டும் போதாது, கூலியைப் பேசி வாங்கவும் கணக்கை வைத்துக்கொள்ளவும் பெயரை நிலைநாட்டவும் தெரிய வேண்டும் என்பது அவர் வாழ்க்கையில் இருக்கிறது. நம் பெண்கள் தையல் கூலியைக்கூடக் கேட்டு வாங்கத் தயங்குகிறார்கள்.

நம் வாசகர்கள் தெரிந்திருக்க வேண்டிய இன்னொருவர் வங்கதேசத்தின் மரீனா தபஸ்ஸும். டாக்காவில் பொறியியல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய பாட்டி, தம் பெண் மக்கள் இருவரைப் பறிகொடுத்த துக்கத்தில், பள்ளிவாசல் கட்ட நிலம் கொடுத்தார். வரையும் பொறுப்பைப் பேத்தியிடமே ஒப்படைத்தார். கட்டி முடிப்பதற்குள் பாட்டி வஃபாத்தாகிவிட, ஊராரிடமும் உறவினரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துக் கட்ட வேண்டியதாயிற்று. 2012-ல் முடிந்த அந்தப் பைத்துர் ரஊஃப் பள்ளிவாசலுக்குக் குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. முழுக்கச் செங்கல். நிலத்தின் அமைப்புக்கும் கிப்லா திசைக்கும் கோணம் ஒத்துவரவில்லை. அதனால் வெளிச் சுவரைச் சதுரமாகவும், அதற்குள் ஒரு வட்டத்தையும், அந்த வட்டத்துக்குள் தொழுகைக் கூடத்தைக் கிப்லா நோக்கித் திருப்பியும் வைத்தார். வெள்ளம் ஏறாதபடி பீடத்தை உயர்த்தினார். கூரையில் விட்ட சிறு துளைகள் வழியே வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழும். சுவர்களின் இடைவெளியில் காற்று போகும், ஏசி வேண்டியதில்லை. 2016-ல் ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது. பிறகு அதே பெண்மணி, ஆற்றுத் திட்டுகளில் வாழ்ந்து ஒவ்வொரு வெள்ளத்திலும் வீடிழக்கும் ஏழைகளுக்காக, மூங்கிலும் இரும்பு இணைப்பும் கொண்டு, பிரித்தெடுத்து வேறிடத்தில் நட்டுக்கொள்ளும் இரண்டு தட்டு வீட்டை உருவாக்கினார்.

இவர்கள் எல்லோருமே வசதியும் படிப்பும் உள்ள வீட்டிலிருந்து வந்தவர்கள்தானே என்று ஒருவர் கேட்கலாம். பெரும்பாலும் அப்படித்தான். அதை மறைப்பதில் பயனில்லை. நம் வட்டாரப் பிள்ளைக்கு அதே வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

பத்தாம் வகுப்பு முடித்தவுடன் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா சேரலாம், மூன்று வருடம். முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வசதியும் உண்டு. வருவாய்த் துறையில் நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுக்கும்போது சிவில் டிப்ளமா படித்தவர்களைக் கேட்டிருக்கிறார்கள். ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டுமானால் பி.ஆர்க். ஐந்து வருடம். பிளஸ் டூவில் கணிதம் எடுத்திருக்க வேண்டும், 'நாட்டா' என்ற திறனறித் தேர்வும் எழுத வேண்டும். கணிதத்தை விட்டுவிட்டால் பிறகு இந்தக் கதவு அடைத்துவிடும், ஆகவே பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே யோசியுங்கள். நகரமைப்புப் படிப்பு பி.இ. சிவில் அல்லது பி.ஆர்க். முடித்தபின் இரண்டு வருடம். நம் ஊரில் எந்த வயலை மனையாக்கலாம் என்று முடிவு செய்யும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு இந்தப் படிப்பு படித்தவர்கள்தான் அதிகாரிகளாக வருகிறார்கள்.

செலவுக்கு வழி உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு பி.சி.எம். சாதிச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே எடுத்து வையுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பிள்ளைகளுக்கு, பி.இ. போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதே பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகையும் சேரும். சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்தால் இதெல்லாம் கை நழுவிப் போவதுதான் நம் ஊரில் அதிகம்.

கல்லூரி போகாதவர்களுக்கும் மனை விற்பனைத் தொழிலில் இடம் இருக்கிறது. 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது ஏறக்குறைய 12 சென்டுக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்பவர் அந்தத் திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அதை விற்றுக் கொடுக்கும் ஏஜென்டும் பதிவு பெற்றிருக்க வேண்டும். வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்துக்கே செலவழிக்க வேண்டும். எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டுப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. தொழில் இப்படிக் காகிதத்துக்குள் வந்துவிட்டதால், டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடிக்கும் புரோக்கரை விட, பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், அப்ரூவல் எண் இவற்றைப் பொறுமையாகச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இனி வாய்ப்பு கூடுதல் என்றே தோன்றுகிறது. மனை பார்க்க வரும் குடும்பத்தில் முடிவெடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அவரிடம் இயல்பாகப் பேச ஒரு பெண்ணால்தான் முடியும்.

சித்தாள் வேலை செய்யும் சகோதரிகளுக்கு ஒன்று. 18 வயது நிறைந்து 60-க்குள் இருப்பவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவித் தொகை, 60-க்குப் பின் ஓய்வூதியம் உண்டு. பதிவைக் குறித்த காலத்தில் புதுப்பிக்காவிட்டால் பயன் தடைப்படும்.

நிலத்தின் விலை ஏறும்போது நம் வீடுகளில் நடக்கும் ஒரு காரியத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. அத்தா மவுத்தான பிறகு மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு என்று குர்ஆனே வகுத்திருக்கிறது. நம் மாநிலத்தில் 1949-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு விவசாய நிலத்துக்கும் ஷரீஅத் சட்டமே பொருந்தும். ஆனால் மனைக்காரர் விலை பேச வந்தவுடன், அக்கா தங்கையைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். "கல்யாணத்துக்குச் செலவு பண்ணியாச்சே" என்பார்கள். கல்யாணச் செலவு வாரிசுப் பங்கு ஆகாது. பங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பது அவள் உரிமை. என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவது விட்டுக்கொடுத்தல் அல்ல. பத்திரத்தை வீட்டிலேயே ஒருமுறை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சர்வே எண், பரப்பு, அரசின் வழிகாட்டி மதிப்பு மூன்றையும் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பிறகு பேசுங்கள்.

புதிதாக மனை வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு தகவல். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்துள்ளது தமிழ்நாடு அரசு. 10 லட்ச ரூபாய் மனைக்கு அது 10,000 ரூபாய். பத்திரம் எழுதக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.