ஓசையில் ஒளிந்த பொருள்

முன்னாளில் பிட் ஸ்திரீட் எனப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில்தான் சீனரின் குவான் யின் கோயிலும் உள்ளது. சீனப் புத்தாண்டில் அப்பக்கம் செல்லும் அன்பர்கள், கடைகளில் தொங்கும் அன்னாசி அலங்காரங்களைக் கண்டிருப்பீர்கள். ஹொக்கியனில் அன்னாசி 'ஓங் லாய்'. 'செழிப்பு வருகிறது' என்பதற்கும் அதே ஓசை. ஆகவே தொங்குவது பழமன்று, வாழ்த்து. வௌவால் சித்திரமும் அவ்வாறே. மாண்டரினில் அதன் பெயர் 'ஃபூ' என்று முடியும், நற்பேறும் 'ஃபூ'. ஐந்து வௌவால் வரைந்தால் ஐந்து பேறுகள். ஓசை அறியாத நம்மவர் அதை அபசகுனம் என்று முகம் சுளிக்க நான் பார்த்திருக்கிறேன்!

நமக்கும் இந்த விளையாட்டு புதிதன்று. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடக்கினார். அது சொல்லால் ஆன சிலேடை. படத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் மீன். மாண்டரினில் மீனும் மிகுதியும் 'யூ'. தமிழிலோ மீன் என்றால் விண்மீனும் ஆகும். தமிழ் பேசாமல் வளரும் நம் பிள்ளைகளுக்கு அது சந்தை மீன் மட்டுமே. சிந்துவெளி முத்திரைகளிலுள்ள மீன் குறியை இவ்வழியே விண்மீன் என்று படித்தார் ஹீராஸ் பாதிரியார். பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா 1994இல் வெளியிட்ட நூலில் அதை மேலும் விரித்தார். எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. அம்முத்திரைகளைப் பொறித்தவர்கள் பேசிய மொழி எது என்பதிலேயே வழக்கு இன்னும் தீரவில்லை.