கேளாமல் வந்த சுதந்தரம்

உங்கள் தகப்பனார் எந்த வயதில், என்ன வியாதியினால் மரித்தார் என்று ஒருவர் கேட்டால் உடனே பதில் சொல்வீர்களா? அவருடைய சகோதரர்களைக் குறித்து? தாயாரின் தகப்பனாரைக் குறித்து? ஊரை விட்டு மும்பைக்கும் பெங்களூருக்கும் பிழைக்க வந்துவிட்ட நம்மில் அநேகருக்கு இது தெரியாது.

மும்பையில் நான் அறிந்த ஒரு சகோதரருக்கும் தெரியாதிருந்தது. அவருக்கு வயது 46. புகை, மது, வெற்றிலைபாக்கு ஒன்றும் கிடையாது. தாராவியிலிருந்து அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ்வரை நடந்து திரும்புவார். மெலிந்த சரீரம். சபை விருந்தில் எல்லாரும் பிரியாணி உண்ண, அவர் மட்டும் தயிர்ச்சாதம் கேட்பார். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் ரயில் நிலையத்தின் படிகளில் ஏறுகையில் மார்பு இறுகியது. பரிசோதித்தபோது இருதயத் தமனிகள் மூன்றிலும் அடைப்பு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 238.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செய்தியைக் கேட்டவுடன் என் மனதில் எழுந்த முதற்கேள்வி, "இவர் நமக்குத் தெரியாமல் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்பதே. பிறவிக்குருடனைக் கண்டு குற்றவாளியைத் தேடிய சீஷர்களின் கேள்விதான் அது. இத்தனை ஆண்டு ஊழியத்திற்குப் பின்பும் அது என்னை விட்டுப் போகவில்லை.

ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 35 வயதளவில் ஓடத் தொடங்கி, புகைப்பதை விட்டு, பருத்த உடலை இளைக்கச் செய்தவர். ஓட்டத்தைக் குறித்து 1977இல் அவர் எழுதிய நூல் பத்து லட்சத்துக்கும் மேலாக விற்றது. 1984 ஜூலை 20 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் ஓடச் சென்றவர், சாலையோரத்திலேயே மாரடைப்பால் மரித்தார். அப்போது வயது 52. அவருடைய தகப்பனாருக்கு முதல் மாரடைப்பு வந்தது 35 வயதில், மரணம் 43இல். ஓடியும் பயனில்லையே என்று அன்று பரிகசித்தவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. தகப்பனாரைக் காட்டிலும் அவர் ஒன்பது ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தார். ஆயினும் தகப்பனாருடைய வயதை அறிந்தவன் ஓடினால் மட்டும் போதாது, இரத்தத்தையும் தமனியையும் சோதித்துப் பார்க்கவேண்டும்.

நம் சகோதரருக்கு இருந்தது பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பு. இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் உண்டு. அவற்றுக்கான மரபணு ஒன்று பழுதாயிருந்தால் ஏற்பிகள் ஏறக்குறைய பாதியாகிவிடும். மிஞ்சிய கொழுப்பு பிறந்த நாள்முதல் தமனிச் சுவரில் படிந்துகொண்டே வரும். இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்னும் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகில் ஏறக்குறைய 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு இக்குறை உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கொழுப்பைக் கல்லீரலே உண்டாக்குவதால் பத்திய உணவு சிறிதளவே குறைக்கும். தயிர்ச்சாதம் என்ன செய்யும், பாவம்!

மருந்து உண்டு. ஸ்டாட்டின் என்னும் வகை மாத்திரை 1987இல்தான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. சகோதரரின் தகப்பனார் மரித்தது 1983இல், 41 வயதில்.

இவருக்கு அப்போது நான்கு வயது. உச்சிப்பொழுதில் பனையடியில் விழுந்துகிடந்தாராம். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று ஊரார் சொன்னார்கள். அந்தப் பேச்சையே குடும்பத்தார் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். இரட்சிக்கப்பட்ட பின்பும் அதைப் பிசாசின் கிரியை என்றார்களேயன்றி, இருதயம் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் மாதம், யாரோ ஒருவர் "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று கேட்க, சகோதரர் இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டார். இதை அறிந்து நான் கோபப்பட்டேன். இன்றும் வருந்தவில்லை. கண்ணாடி அணிந்து வேதம் வாசிக்கிறவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லையே! ஜெபியுங்கள், மாத்திரையையும் விழுங்குங்கள். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

உங்கள் குடும்பத்தில் ஆண்கள் 55 வயதுக்கு முன்போ, பெண்கள் 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு கண்டிருந்தால், நீங்களும் பிள்ளைகளும் இரத்தக் கொழுப்பைப் பரிசோதியுங்கள். மருந்தில்லாத நிலையில் எல்.டி.எல். 190க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் பரம்பரையைச் சொல்லிக் கேளுங்கள். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பது, இமையோரம் மஞ்சள் படிவு காணப்படுவது ஆகியவையும் அடையாளங்களாகலாம். லைப்போபுரோட்டீன் ஏ என்று வேறொன்றும் உண்டு. அதன் அளவும் பெரும்பாலும் பரம்பரையாலேயே தீர்மானிக்கப்படுகிறது. வாழ்நாளில் ஒருமுறையாவது அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சகோதரருக்கு இவற்றைக் காட்டிலும் கடினமான காரியம் ஒன்று இருந்தது. ஊரிலுள்ள அக்காள் மகனுக்கே தம் மகளைக் கொடுப்பதாகப் பேச்சு. மகளுக்கு எல்.டி.எல். 204. அக்காள் மகனுக்கும் அதே குறை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபுறமும் பழுது சேர நான்கில் ஒரு வாய்ப்பு; அப்படிப் பிறக்கும் பிள்ளைக்குச் சிறுவயதிலேயே மாரடைப்பு வரலாம். சொன்னால் சம்பந்தம் முறியுமோ, மகளுக்கு வேறு வரனும் வராமற்போகுமோ என்று மூன்று மாதம் மறைத்தார். "அக்காளுடைய உயிரும் இதில் இருக்கிறதே" என்று அவருடைய மனைவிதான் தொலைபேசியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

நானும் அருகில் இருந்தேன். அவர் சொல்லி முடித்தபின் மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு அக்காள் கேட்டார்: "தம்பி, நம்ம சித்தப்பாவும் முப்பத்தொம்பது வயசுலதானே போனாங்க? வெயில் அடிச்சிட்டுன்னுல்லா சொன்னாங்க... அந்த டெஸ்டுக்குச் சாப்பிடாமப் போகணுமா, சாப்பிட்டுட்டுப் போகலாமா?"